களைத்த பாத்திக்கு முதலில் உணவிடுவோம்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீடுகளுக்குப் போகும்போது குசினிக்குப் பின்பக்கத்தையும் கிணற்றடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். அங்கே பெரும்பாலும் மூன்று நான்கு பாத்திகள் இருக்கும். வந்து குடியேறிய முதல் வருடம் கத்தரியும் மிளகாயும் வெண்டியும் காய்த்துக் கொட்டிய பாத்திகள் அவை. இன்று பார்த்தால் வரம்பு கரைந்து, மண் ஓடுபோல இறுகி, இலை சுருண்ட நாலைந்து மிளகாய்க் கன்றுகள் மட்டும் நிற்கும். கேட்டால், "இந்த மண்ணில இனி ஒண்டும் வராது சுவாமி" என்பார்கள். சிலர் இன்னொரு வசனத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்: "எங்கட காணியெண்டால் எருப் போட்டுத் திருத்தலாம். ஆற்றையோ காணிக்கு என்னத்துக்கு?"

முதலாவது வசனம் மண்ணைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்வது இலகு. இரண்டாவது வசனம் மனதைப் பற்றியது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களும், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் சகோதரர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியெங்கும் ஓடியவர்களும் ஏதோ ஒரு நாளில் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி அது. அதை அலட்சியமாகத் தட்டிவிட முடியாது. இரண்டுக்கும் என் மனதில் உள்ளதை இங்கே சொல்ல விரும்புகின்றேன்.

மண் ஏன் களைக்கின்றது?

ஒரு பாத்தி காய்க்காமல் விட்டால் நாம் முதலில் விதையைக் குறை சொல்கின்றோம். பிறகு மழையைக் குறை சொல்கின்றோம். கடைசியில் மருந்துக் கடைக்குப் போகின்றோம். மண்ணைக் கிண்டிப் பார்ப்பவர்கள் குறைவு. மாடு மெலிந்தால் அதற்கு வைத்த தீனியைப் பற்றி யோசிக்கும் நாம், மண் மெலிந்தால் மாத்திரம் அதை யோசிப்பதில்லை.

எமது நாட்டு வெப்பத்தில் மண்ணிலுள்ள உக்கல் மிக விரைவாகத் தீர்ந்துபோகும். ஒவ்வொரு போகமும் எடுத்ததற்கு ஈடாக ஏதாவது திருப்பிக் கொடுத்தால்தான் அது நிற்கும். நாமோ விடிய எழுந்து முற்றத்தைத் துப்புரவாகக் கூட்டி, மாஞ்சருகையும் வேப்பஞ்சருகையும் ஒரு மூலையில் குவித்து நெருப்பு வைக்கின்றோம். முற்றம் கூட்டுவது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் புகையாகப் போவது நமது பாத்தியின் சாப்பாடு. அதை எரித்துவிட்டுப் பசளைக்காகக் கமநல சேவை நிலையத்தின் வாசலில் நிற்கின்றோம்.

எஞ்சும் சாம்பலையும் அடுப்புச் சாம்பலையும் பாத்திக்கே கொட்டுகின்றோம். சாம்பல் நல்லதுதான், ஆனால் அளவோடு. யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். இங்கே மண்ணில் ஏற்கெனவே காரத்தன்மை உண்டு. அதற்குமேல் சாம்பலையும் அள்ளிப் போட்டால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் அதை எடுக்க முடியாமற் போகும். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மாத்திரம் பச்சையாகத் தெரிந்தால், அதை நோயென்று எண்ணி மருந்தடிக்க முன்னர் சாம்பலை நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது, ஒரே இடத்தில் ஒரே பயிர். "நாங்கள் மாற்றி மாற்றித்தானே நடுகிறோம், போன முறை கத்தரி, இந்த முறை தக்காளி" என்று சிலர் சொல்வார்கள். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பத்துப் பயிர்கள். ஒன்றின் வாடல் நோய் மற்றதற்காக மண்ணிலேயே காத்திருக்கும். வாடிய கன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வட்டப்புழுவின் வேலை. பயிற்றை வேரில் இருக்கும் முடிச்சு வேறு. அது விரலால் தட்டினால் கழன்று விழும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும் நல்ல முடிச்சு.

நாங்களும் தவறு செய்தோம்

மக்களை மாத்திரம் குறை சொல்வது நியாயமாகாது. உதவி செய்ய வந்த நாங்களும் இதே தவறைச் செய்தோம். ஒரு வருடம் மரக்கறிக் கன்று வழங்கும் வேலையை நானே பொறுப்பெடுத்துச் செய்தேன். ஒரு குடும்பத்துக்கு இத்தனை கன்று என்று எண்ணிக் கொடுத்தோம், படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். மூன்று மாதம் கழித்துப் போனபோது பெரும்பாலான கன்றுகள் இல்லை. மக்களுக்கு அக்கறை இல்லை என்று நானும் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அப்போது ஒரு வயோதிபத் தாய் மண்வெட்டியை என் கையில் தந்து, "சுவாமி, ஒருக்கா நீங்கள் கொத்திப் பாருங்கோ" என்றார். கொத்தினேன். நாலு விரல் ஆழம்கூட இறங்கவில்லை. வீட்டுத் திட்டத்துக்காக மேல்மண்ணை இயந்திரத்தால் வழித்துவிட்டுக் கிறவல் கொட்டி நிரவிய நிலம் அது. அந்த நிலத்திலே கன்றை நட்டுவிட்டு அந்தத் தாயை நான் குறை நினைத்திருக்கின்றேன்.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான்: கன்று கடைசியாக வரவேண்டும். முதலில் எரு, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது அந்த இடத்தில் இருப்பதற்கு ஓர் உறுதிப்பாடு, அதன் பிறகே கன்றும் விதையும். நிறுவனங்கள், எங்கள் பங்குகள் உட்பட, இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கின்றன. கன்று கொடுப்பது படத்துக்கு அழகு. எருக் குவியலை யாரும் படம் பிடிப்பதில்லை.

2021இல் நாடு முழுவதுமே இதனால் ஒரு பாடம் படித்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. 2022இல் பசளை கிடைத்த இடத்திலும் அதன் விலை ஏழை விவசாயியின் கைக்கு எட்டவில்லை. இதிலிருந்து சிலர் சேதனப் பசளை சரிவராது என்று முடிவு செய்கின்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பல வருடம் யூரியாவில் நின்ற மண்ணை ஒரு கட்டளையால் ஒரே போகத்தில் மாற்ற முடியாது என்பதே பாடம். பையை மாத்திரம் நம்பியிருப்பதும் ஆபத்து என்பது அதன் மறுபக்கம். குடாநாட்டில் நாம் குடிக்கும் தண்ணீரும் அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளேயே நிற்கின்றது. பாத்திக்கு அளவுக்கு மீறிப் போட்ட யூரியாவின் ஒரு பங்கு கிணற்றுக்குப் போகின்றது. பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே மாற்றம் வேண்டும். ஆனால் அது பாத்தி பாத்தியாக, போகம் போகமாக வரவேண்டும்.

பாத்தியை மாற்றியமைத்தல்

எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் கிளறாதீர்கள். ஒரு போகத்துக்கு ஒரு பாத்தி போதும். ஆவணி, புரட்டாதியில் தொடங்கினால் மாரி மழைக்கு முன் அது தயாராகிவிடும்.

முதலில் இடத்தைத் தீர்மானியுங்கள். பழைய பாத்தி இருந்த இடத்திலேயே புதியது இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. வேலியில் நிற்கும் பூவரசும் கிளுவையும் வளர்ந்து இப்போது பாத்தியின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கலாம். வேலியிலிருந்து ஆறடியாவது தள்ளி வாருங்கள். தினமும் கறிக்குப் பிடுங்குவது குசினி வாசலுக்குக் கிட்ட இருக்கட்டும். எட்டத்தில் இருக்கும் பாத்திக்கு மாலையில் களைத்த உடம்போடு யாரும் தண்ணீர் சுமக்கமாட்டார்கள். எங்கே அமைப்பது என்பதை அந்த வேலையைச் செய்யும் பெண்ணே தீர்மானிக்கவேண்டும். கோடு கீறுவது ஆண், தண்ணீர் சுமப்பது பெண் என்ற ஒழுங்கு இருக்கும் வீட்டில் பாத்தி விரைவில் களைத்துவிடும்.

அகலம் மூன்றரை அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை எட்டும் அளவு அதுதான். நடுவே நடப்பதற்கு ஒன்றரை அடி விடுங்கள். அதன்பின் பாத்திக்குள் ஒருவரும் காலை வைக்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பிறகு ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி ஒதுக்குங்கள். இறுகிய நிலமென்றால் முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு ஊறவைத்து, அடுத்த நாள் அலவாங்கால் பிளக்கலாம். அடியில் பழைய பனையோலையை நறுக்கிப் போட்டு, அதன்மேல் பூவரசங் குழையோ கிளிசரிடியாவோ போட்டு மிதித்து, மேலே மண்ணை மூடுங்கள். குழை தாழ்ப்பதும் ஓலை தாழ்ப்பதும் எமது பாட்டன்மார் புகையிலைத் தோட்டத்தில் செய்த வேலைதான். வேலி பிரித்த ஓலையையும் கூரை பிரித்த ஓலையையும் அவர்கள் எரிக்கவில்லை. மூன்று நான்கு கிழமை அதை உக்கவிட வேண்டும். பச்சைக் குழை உக்கும்போது சூடு பிறக்கும், கன்றுக்குரிய சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு உடனே நடுபவர்கள்தான் "குழை போட்டும் பயனில்லை" என்று சொல்வது. நடும்போது நன்றாக உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ ஓர் அங்குலத் தடிப்புக்குப் பரப்பிக் கொத்திக் கலந்துவிடுங்கள்.

கிறவல் போட்ட நிலத்தில் கீழே வெட்டுவதற்குப் பதிலாக மேலே கட்டவேண்டும். கல்லோ பனங்குற்றியோ சுற்றிவர அடுக்கி, ஓரடி உயரத்துக்கு ஓலை, சருகு, எரு, மண் என்று படையாக நிரப்புங்கள். கீழே கொஞ்சம் பிளந்துவிட்டால் தண்ணீர் தேங்காது. வெள்ளம் நிற்கும் காணிக்கும் இது பொருந்தும். கோடையில் இதற்கு மாறாக வரம்பை உயர்த்திப் பாத்தியைத் தாழ்வாக வைத்தால் ஊற்றும் தண்ணீர் ஓடிப்போகாது.

நாலு பாத்தி இருந்தால் நாலு வகையாகப் பிரியுங்கள். ஒன்றில் கீரை வகை. ஒன்றில் கத்தரி, தக்காளி, மிளகாய். ஒன்றில் பயிற்றை அல்லது பயறு. ஒன்றில் வெங்காயம், வத்தாளை, பீற்றூட் போன்றவை. அடுத்த போகத்தில் ஒவ்வொன்றும் ஒரு பாத்தி நகரட்டும். கத்தரிக் குடும்பம் பழைய இடத்துக்குத் திரும்பிவர நாலு போகம் செல்லும். ஏதாவது ஒரு பாத்தி மிகவும் களைத்திருந்தால் அதற்கு ஒரு போகம் விடுமுறை கொடுத்துச் சணல் விதையுங்கள். பூக்கத் தொடங்கும்போது வெட்டி அதே மண்ணில் புதைத்தால் அதுவே பசளை.

இனி முற்றத்துச் சருகுக்கு வேலை இருக்கின்றது. அதைப் பாத்தியின்மேல் பரப்பி விடுங்கள். விவசாயப் போதனாசிரியர்கள் பத்திரக்கலவை என்று சொல்வது இதைத்தான். வெயில் நேரே மண்ணில் படாது, ஊற்றிய தண்ணீர் கூடுதல் நேரம் நிற்கும், களையும் குறையும். இரண்டு மாதத்தில் அந்தச் சருகை விலக்கிப் பாருங்கள். மண்புழு வந்திருந்தால் மண் உங்கள்மேல் மீண்டும் நம்பிக்கை வைத்துவிட்டது என்று அர்த்தம்.

பூப்பாத்தியைப் பற்றியும்

வீட்டின் முன்னால் உள்ள சிறிய பாத்தியையும் மறந்துவிடக்கூடாது. தகரக் கொட்டிலுக்கு முன்னாலும் ஒரு செவ்வரத்தை, ஒரு நித்தியகல்யாணி, இரண்டு குரோட்டன் நட்டு, சுற்றிவரக் கல் வைத்திருப்பார்கள். ஒருமுறை அப்படியொரு வீட்டில் நான், "இந்த இடத்தில் நாலு கத்தரி நட்டால் பிரயோசனமாக இருக்குமே" என்றேன். அந்த வீட்டுத் தாய் சிரித்துவிட்டு, "கத்தரி பின்னுக்கு நிக்குது சுவாமி. அது வயித்துக்கு. இது வாசலுக்கு" என்றார். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. முகாமும் வீடும் வேறு வேறு என்பதை அந்தத் தாய் அறிந்திருந்தார். அபிவிருத்திக்காரரான எங்களுக்குத்தான் அது விளங்கவில்லை. அந்தப் பாத்தியும் களைக்கும். அதற்கும் ஒரு கடகம் எரு வையுங்கள்.

ஆற்றையோ காணிக்கு என்னத்துக்கு?

இப்போது அந்த இரண்டாவது வசனத்துக்கு வருகின்றேன். பிறர் காணியில் எருப் போடுவது வீண் என்று சொல்பவர்களுக்கு நியாயமான ஒரு பயம் உண்டு. பாத்தி திருந்தியதும் காணிக்காரர் வந்து எழும்பச் சொல்லிவிடுவார் என்ற பயம் அது. நடந்தும் இருக்கின்றது. நான் அறிந்த ஒரு குடும்பம் இரண்டு வருடம் பாடுபட்டுத் திருத்திய வளவை விட்டு ஒரு மாத அவகாசத்தில் எழும்ப நேர்ந்தது. அவர்கள் போகும்போது விதைகளையும், முருங்கைத் தடிகளையும், மரவள்ளித் தடிகளையும் கட்டினார்கள். கூடவே கூட்டெருக் குவியலையும் வெறும் பசளைப் பைகளில் அள்ளி லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிவிட்டார்கள். புதிய இடத்தில் முதல் பாத்தி அந்த எருவில்தான் எழும்பியது.

ஆகவே பயம் இருக்கட்டும், அதற்கேற்ற யோசனையும் இருக்கட்டும். நிச்சயமில்லாத காணியில் மூன்று மாதத்தில் பயன் தருவதை நடுங்கள். மாங்கன்றையும் எலுமிச்சையையும் பையிலோ பழைய வாளியிலோ வைத்திருங்கள். காணிக்காரரோடு இரண்டு வருடத்துக்காவது ஓர் எழுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பங்குத்தந்தையும் கிராம அலுவலரும் துணைநிற்க வேண்டும். காணிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: தரிசாகக் கிடந்த உங்கள் மண்ணை ஓர் ஏழைக் குடும்பம் திருத்தித் தந்தால், அது உங்களுக்கு அவர்கள் கட்டிய வாடகை என்று எண்ணுங்கள். அதன்பேரில் வாடகையைக் கூட்டுவது நீதியாகாது.

இன்னொரு பயமும் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. இங்கே வேரூன்றிவிட்டால் சொந்த ஊரைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற பயம். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட போதிலும், இன்னும் தம் வாசலைக் காணாத குடும்பங்கள் இருக்கின்றன. "இங்கே நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று அவர்கள் அஞ்சுவதில் தவறில்லை.

இந்த இடத்தில் எனக்கு எரேமியா இறைவாக்கினர் நினைவுக்கு வருகின்றார். பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அவருடைய நூலின் 29ஆம் அதிகாரத்தில் அது இருக்கின்றது. இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்த ஒருவரும் அந்தக் காலத்தில் இருந்தார். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. அந்நிய மண்ணிலேயே வீடு கட்டவும் தோட்டம் போட்டு அதன் பயனை உண்ணவும் சொன்னார். திரும்பிப் போவீர்கள் என்ற வாக்குறுதியும் அதே கடிதத்தில்தான் இருக்கின்றது. அதே எரேமியா, எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் தம் சொந்த ஊரான அனத்தோத்தில் ஒரு காணியை விலை கொடுத்து வாங்கி, அதன் உறுதியை மண்பானைக்குள் வைத்துப் பாதுகாக்கச் செய்தார்.

தோட்டம் போடச் சொன்னவரும் உறுதியைக் காப்பாற்றியவரும் ஒருவரே. இங்கே பாத்தி கட்டுவது அங்கே உள்ள காணியை விட்டுக்கொடுப்பதாகாது. காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வையுங்கள். பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகளையும் அதோடு வையுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டேயிருங்கள். ஆனால் காத்திருக்கும் காலத்தில் பிள்ளைகள் பசளியும் முருங்கையிலையும் சாப்பிட்டு வளரவேண்டும். அவர்கள் மண்வெட்டி பிடிக்கவும் பழகவேண்டும். முகாமில் பிறந்து, மண்ணைத் தொடாமலே வளர்ந்த ஒரு பிள்ளையிடம் நாளைக்குப் பத்துப் பரப்புத் தோட்டக் காணியைத் திருப்பிக் கொடுத்தால், அவன் அதை விற்றுவிட்டுப் போய்விடுவான். எனக்குள்ள பெரிய பயம் அதுதான். காணி வந்து சேரும் நாளில் அதைச் செய்கை பண்ணத் தெரிந்த கைகள் எம்மிடம் இருக்கவேண்டும்.

ஆகவே இந்த இதழைப் படித்துவிட்டுப் பின்வளவுக்குப் போய் ஒரு பாத்தியைத் தெரிவுசெய்யுங்கள். மிகவும் களைத்ததையே தெரிவுசெய்யுங்கள். நாளைக் காலையில் கூட்டிய சருகுக்கு நெருப்பு வைக்காமல் அதன் அருகே குவியுங்கள். மிகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.